ஊற்றுக்கு மேலே வீடு எழும்போது

குன்னூர், கோத்தகிரி பக்கம் ஓர் ஊற்று மெலிந்துபோனால் ஊரில் முதலில் எழும் பேச்சு, "போர் போட்டுப் பார்க்கலாமா?" என்பதுதான். நீலகிரியில் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் ஆழ்துளைக் கிணறு தோண்ட முடியாது. அனுமதியை விடுங்கள், மலையின் அமைப்பே அதற்கு இடம் கொடுப்பதில்லை. இங்கே அடியில் இருப்பது சார்னோகைட் என்னும் கெட்டிப் பாறை. அதன்மேல் மக்கிய செம்மண்ணும் களிமண்ணும் கம்பளிபோலப் போர்த்தியிருக்கின்றன. ஓரிடத்தில் அந்தப் போர்வை 3 மீட்டர், இன்னோரிடத்தில் 30 மீட்டர். மழைநீர் தங்குவது பெரும்பாலும் அதற்குள்தான். போர்வை மெலிந்து பாறை தலைகாட்டும் இடத்திலும், சரிவு மடங்கும் பள்ளத்திலும் அந்த நீர் வெளியே கசிகிறது. அதைத்தான் ஊற்று என்கிறோம். போர் வண்டி போர்வையைத் தாண்டிப் பாறைக்குள் போகிறது. வெடிப்பு அகப்பட்டால் தண்ணீர், இல்லாவிட்டால் 500 அடிக்கும் புழுதி. அகப்பட்ட தண்ணீரும் பல சமயம் சரிவில் கொஞ்சம் கீழே ஓடிக்கொண்டிருந்த ஊற்றுக்குச் சேர வேண்டியதாகவே இருக்கும்.

ஊற்று மெலிந்ததும் மழை குறைந்துவிட்டது என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அதற்கு முன் ஊற்றிலிருந்து மேட்டின் உச்சிவரை ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். பாதி வழியிலேயே காரணம் கண்ணில் படும்.

முதல் காரணம் மண் வெட்டு. வீட்டுக்குத் தளம் எடுக்கச் சரிவை 4 மீட்டர் செங்குத்தாக வெட்டுகிறார்கள். வெட்டிய முகத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தால் மேலே சிவப்பு மண், நடுவில் மஞ்சள், அடியில் ஈரச் சோப்புபோல விரலில் வழுக்கும் வெளிர்க் களி. இரண்டு மூன்று நாளில் மஞ்சளும் வெளிர்க் களியும் சேரும் கோட்டில் வியர்வை போல ஈரம் அரும்பும். மழைக்காலமானால் அது சொட்டும், பிறகு ஓடும். மேஸ்திரி அதை "சும்மா கசிவு" என்று சொல்லி ஒரு சிறு வாய்க்கால் வெட்டிச் சாலைச் சாக்கடையில் விட்டுவிடுவார். நேற்றுவரை அந்தக் கசிவு மண்ணுக்குள்ளேயே இறங்கிக் கீழ் ஊற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. மலை ஊர்களில் வற்றியதாகச் சொல்லும் ஊற்றுகளில் பல இப்படி இடம் மாறியவை. தண்ணீர் சாக்கடையில் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த வெட்டுக்கு முன்னால் எழுப்பும் தடுப்புச் சுவரில் இன்னொரு தவறு நடக்கிறது. சுவரில் நீர் வெளியேற 3 அங்குலக் குழாய்த் துளைகள் ஒன்றரை மீட்டருக்கு ஒன்று என நெடுக்கிலும் கிடையிலும் இருக்க வேண்டும். குழாய் வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். சுவருக்குப் பின்னால் குறைந்தது ஓர் அடி அகலத்துக்கு ஜல்லி நிரப்ப வேண்டும். ஜல்லியைத் தவிர்த்து வெட்டிய மண்ணையே திரும்பக் கொட்டினால் முதல் மழையிலேயே களி வந்து துளையை அடைக்கும். சுவரில் பாசி படிகிறது, முற்றம் ஈரமாகிறது என்று சிமென்ட் வைத்துத் துளையைப் பூசிவிடுபவர்களும் உண்டு. பின்னால் ஏறும் தண்ணீரின் அழுத்தம் சுவரை வயிறு தள்ள வைக்கும். அப்படிப் புடைத்த சுவருக்குக் கீழே யாரும் படுத்து உறங்கக் கூடாது.

இரண்டாவது காரணம் பள்ளத்தை மண் போட்டு நிரப்புவது. சரிவில் இறங்கும் நீரைப் பஞ்சுபோல வைத்திருந்து வெயில் காலத்தில் மெதுவாக விடுபவை பள்ளத்தாக்கின் சேற்று நிலங்கள். கறுப்பு மண்ணும் கோரையும் உள்ள அந்தச் சமதளம்தான் மலையில் கட்டடத்துக்குச் சுலபமான இடமாகத் தெரிகிறது. ஊட்டி ஏரியே இதற்குச் சாட்சி. 1823 முதல் 1825 வரை ஜான் சல்லிவன் உருவாக்கிய அந்த ஏரி இன்றிருப்பதைவிடப் பெரியது. குதிரைப் பந்தய மைதானமும் பேருந்து நிலையமும் இருப்பது அதன் பழைய பரப்பில்தான். மிச்சம் இருக்கும் ஏரிக்குள் கோடப்பமந்து கால்வாய் நகரத்தின் கழிவைச் சுமந்து வந்து சேர்கிறது. வாங்கப் போகும் மனை இப்படிப்பட்ட நிலமா என்று அறிய 12 மி.மீ. கம்பி ஒன்று போதும். கையால் அழுத்தினாலே ஒரு மீட்டர் இறங்கினால் அந்த மனை வேண்டாம். அஸ்திவாரம் ஒருபக்கம் அமிழும், கழிவுநீர்த் தொட்டி மழைக்காலம் முழுக்க நிரம்பியே நிற்கும்.

கற்பூர மரம் என்னும் யூகலிப்டஸும் சீகை என்னும் வாட்டிலும் நீரைக் குடித்துவிடுகின்றன என்று எல்லாரும் பேசுகிறார்கள், பேசுவதில் நியாயம் இருக்கிறது. உதகையில் உள்ள மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் கிளென்மார்கனில் பல ஆண்டுகள் அளந்தபோது, புல்வெளி நீர்ப்பிடிப்பில் கற்பூர மரம் நட்ட முதல் 10 ஆண்டுச் சுழற்சியில் ஓடை நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. ஆனாலும் ஊருக்கு நடுவே இருக்கும் ஊற்றைப் பொறுத்தவரை மரத்தைவிட மண் வெட்டும் கான்கிரீட்டும் செய்யும் கெடுதலே பெரிது. மரத்தை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு வீட்டு முற்றம் முழுக்க டைல்ஸ் போடுவதில் பயனில்லை.

இனி அளவு. ஊற்றைப் பற்றிப் பேசுபவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது 10 லிட்டர் வாளியும் கைபேசியில் இருக்கும் நொடிக் கடிகாரமும். தண்ணீர் முழுவதும் ஒரே குழாய் வழியாக விழும்படி களிமண் வைத்து அடைத்து, வாளி நிறைய எத்தனை நொடி என்று மூன்று முறை பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். 40 நொடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 15 லிட்டர், நாளுக்கு 21,600 லிட்டர். ஊரகக் குடிநீர்க் கணக்கான நபருக்கு 55 லிட்டர் வீதம் இது 390 பேருக்குப் போதும். 15 நாளுக்கு ஒருமுறை, காலையில் யாரும் மோட்டார் போடும் முன், அளக்க வேண்டும். பக்கத்திலேயே மழைமானி ஒன்று வைத்துத் தினமும் குறிக்க வேண்டும். கடையில் வாங்க முடியாவிட்டால் நேர்ச்சுவர் உள்ள டப்பாவும் ஸ்கேலும் போதும்.

ஒரு வருடக் குறிப்பு இருந்தால் ஊற்றின் குணம் தெரிந்துவிடும். மழை பெய்து ஓரிரு நாளில் ஓட்டம் திடீரென ஏறி, கலங்கி, பிறகு சரிந்தால் அதன் நீர்ப்பிடிப்பு சிறியது, கழிவு கலக்கும் ஆபத்து அதிகம். அக்டோபர், நவம்பர் மழைக்கு டிசம்பரிலோ ஜனவரியிலோ மெதுவாக உச்சம் தொட்டால் பின்னால் ஆழமான மண் போர்வை இருக்கிறது. அந்த ஊற்றைக் கண்போலக் காக்க வேண்டும்.

கணக்கு உதைக்கும் இடம் கோடைக்காலம். மார்ச் கடைசியிலிருந்து ஊற்று அடிமட்டத்தில் இருக்கும். அதே நேரம்தான் சுற்றுலா சீசன். நவம்பரில் நிமிடத்துக்கு 15 லிட்டர் தந்த ஊற்று ஏப்ரலில் 5 லிட்டருக்கு இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 7,200 லிட்டர். சாதாரண விடுதியில் தங்குபவருக்குத் தேசியக் கட்டடக் கோவை வைக்கும் அளவு 180 லிட்டர். 20 அறை, 40 பேர் என்றால் 7,200 லிட்டர். நவம்பரில் 390 பேருக்குப் போதுமானதாக இருந்த ஊற்றை ஏப்ரலில் ஒரே ஒரு நடுத்தர விடுதி குடித்து முடித்துவிடும். பிறகு பள்ளத்துக் கிணறுகளிலிருந்து டேங்கர் லாரி ஏறும், அந்தக் கிணற்றை நம்பிய கேரட் தோட்டம் காயும். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறை வந்ததால் எந்த நாளில் எத்தனை வண்டி வருகிறது என்ற எண் நிர்வாகத்திடம் இருக்கிறது. அதைத் தண்ணீர்க் கணக்கோடு சேர்த்துப் பார்ப்பதே முறை. போக்குவரத்துக்கு மட்டும் பயன்படுத்தினால் பாதிப் பயன் வீண்.

அளவுக்கு அடுத்து வருவது சுத்தம். மலை ஊர்களில் இதைவிட மறைவான பிரச்சினை வேறில்லை. "எங்க செப்டிக் டேங்க்கை இருபது வருஷமா எடுத்ததே இல்ல" என்று பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நல்ல தொட்டி இரண்டு மூன்று வருடத்தில் கசடு நிறைந்து லாரியைக் கூப்பிட வைக்கும். இருபது வருடம் நிறையவில்லை என்றால் அதற்கு அடித்தளம் இல்லை என்று பொருள். நான்கைந்து சிமென்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, இணைப்பைப் பூசாமல், அடியை மண்ணாகவே விட்டுவிடுவார்கள். கழிவு முழுவதும் மண் போர்வைக்குள் இறங்கி, சோப்புக் களி வழியாகச் சறுக்கி, கீழ்வீட்டு ஊற்றில் போய்ச் சேரும். ஊற்று நீர் கண்ணுக்குப் பளிங்குபோலவே தெரியும். மண் கலங்கலை வடிகட்டிவிடுகிறது, கிருமியையும் நைட்ரேட்டையும் அந்த அளவுக்கு வடிகட்டுவதில்லை.

ஐந்து பேருக்கான தொட்டி உள்ளளவில் ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், நீர் ஆழம் ஒரு மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயக் கணக்கு. ஊட்டியில் இதோடு கால் பங்கு கூட்டிக் கட்டுவது நல்லது. குளிரில் கசடு மட்கும் வேகம் குறைவு, டிசம்பர், ஜனவரி உறைபனி நாட்களில் தொட்டிக்குள் வேலை இன்னும் மந்தமாகும். அடிக்குக் கான்கிரீட், உட்பக்கம் முழுக்கச் சிமென்ட் பூச்சு, உள்வாயிலும் வெளிவாயிலும் டி வடிவக் குழாய். கட்டி முடித்ததும் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விட்டு மட்டத்தைக் குறிக்க வேண்டும். மறுநாள் இறங்கியிருந்தால் கசிகிறது. இந்தச் சோதனையைப் பார்க்காமல் மேஸ்திரிக்குக் கடைசித் தவணை கொடுக்காதீர்கள்.

தொட்டியின் வெளிநீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழிக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் நடுவே 18 மீட்டர் என்று விதி சொல்கிறது. அது சமதளத்துக்கு எழுதிய அளவு. சரிவில் ஊற்றுக்கு நேர் மேலே இருந்தால் 50 மீட்டர்கூடப் பாதுகாப்பு இல்லை. பக்கவாட்டில், வேறொரு மடிப்பில் இறங்கும் சரிவில் இருந்தால் 18 மீட்டரே போதலாம். எனவே தூரத்தைவிடத் திசையைப் பாருங்கள். இடமே இல்லாத நெருக்கமான தெருவில் ஆளுக்கொரு உறிஞ்சுகுழி வேண்டாம். ஐந்தாறு வீட்டுத் தொட்டிகளின் வெளிநீரை ஒரே குழாயில் சேர்த்து, ஊற்றைத் தாண்டிக் கீழே கொண்டுபோய், சரளையும் கல்வாழையும் போட்ட படுகையில் விடுவதுதான் வழி. செலவைப் பங்கிடுவதில்தான் இது பெரும்பாலும் நின்றுபோகிறது.

தண்ணீரைச் சோதிக்க ஹைட்ரஜன் சல்ஃபைடு குப்பி மலிவாகக் கிடைக்கும். நீர் ஊற்றி வைத்தால், கழிவு கலந்திருந்தால் கறுப்பாகும். சென்னையில் ஒரு நாளில் கறுக்கும் குப்பி ஊட்டி வீட்டு அலமாரியில் மூன்று நாளானாலும் நிறம் மாறாமல் இருக்கும். நீர் நல்லது என்று அதற்குப் பொருளில்லை, கிருமி பெருகச் சூடு இல்லை. குப்பியை 30 டிகிரிக்குக் குறையாத இடத்தில், அடுப்பங்கரைக்குப் பக்கத்திலோ எரியும் பல்பு உள்ள அட்டைப்பெட்டியிலோ, 48 மணி நேரம் வைக்க வேண்டும். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நீரில் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் பேனா வடிவ மின்கடத்து மானி ஒன்று வாங்கி, மேலே சோலைக்குள் இருக்கும் ஊற்றையும் ஊருக்குள் இருக்கும் ஊற்றையும் ஒரே நாளில் அளந்து பாருங்கள். ஊருக்குள் இருப்பது இரண்டு மூன்று மடங்கு காட்டினால் நடுவே எங்கோ கழிவு சேர்கிறது. தற்காலிகமாக, 1,000 லிட்டர் தொட்டிக்கு 6 முதல் 8 கிராம் புதிய பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளிவை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம்.

மழைநீர் சேகரிப்பைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2003இல் தமிழ்நாடு முழுவதும் கட்டாயமானபோது எல்லாருக்கும் மனதில் பதிந்த படம், கூரை நீரைக் குழாயில் இறக்கி வீட்டோரக் குழியில் விடுவது. சென்னை மணலுக்கு அது நல்ல வழி. சரிவான மலைக்கு அப்படியே கொண்டுவந்தால் ஆபத்து. 1,000 சதுர அடிக் கூரையில் 100 மி.மீ. மழை விழுந்தால் சுமார் 8,000 லிட்டர் இறங்கும். ஒரு மீட்டர் சதுரமும் ஒன்றரை மீட்டர் ஆழமும் உள்ள குழி பிடிப்பது 1,500 லிட்டர். மிச்சம் முழுக்க, ஏற்கெனவே நனைந்து கனத்த சரிவின் ஒரே இடத்தில் அடிக்கிறது. 2009 நவம்பர் 10 அன்று கேத்தியில் 24 மணி நேரத்தில் பதிவானது 820 மி.மீ. அந்த மழையின் நிலச்சரிவுகளில் மாவட்டத்தில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நிலச்சரிவு அபாயம் உள்ளவையாக மாவட்ட நிர்வாகம் பட்டியலிட்டிருக்கும் இடங்கள் 283. அந்த இடங்களிலும், கீழே வீடுகள் உள்ள எந்தச் சரிவிலும், மண்ணில் வளைகோடாக வெடிப்பு ஓடும் இடத்திலும், மரங்கள் அடியில் வளைந்து நிற்கும் இடத்திலும், தடுப்புச் சுவரின் தலைமேட்டிலும் உறிஞ்சுகுழி வெட்டவே கூடாது.

மலை வீட்டில் மழைநீரைத் தொட்டியில் சேமிப்பதே முதல் வேலை. 25 மி.மீ. மழைக்கே 1,000 சதுர அடிக் கூரை சுமார் 2,000 லிட்டர் தரும். 5,000 லிட்டர் தொட்டி நான்கு பேரின் எல்லாத் தேவைக்கும் மூன்று வாரம்தான் வரும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்று ஒதுக்கி நாளுக்கு 40 லிட்டர் எடுத்தால் 125 நாள் வரும், ஜனவரி தொடங்கி கோடை மழைவரை தாண்டிவிடலாம். முதல் மழையின் அழுக்கைக் கழிக்க 4 அங்குலக் குழாயில் இரண்டு மீட்டர் துண்டு வைத்து அடியில் மூடி போடுவது வழக்கம். அது பிடிப்பது 16 லிட்டர்தான். கற்பூர இலையும் குருவி எச்சமும் படிந்த கூரைக்கு 50 முதல் 100 லிட்டர் கழிக்க வேண்டும். பழைய டிரம் ஒன்றே சரி. நிறைந்த தொட்டியின் எடை 5 டன் என்பதை மறக்காமல், வெட்டு விளிம்பிலிருந்து அந்த வெட்டின் உயரத்துக்குக் குறையாத தூரம் உள்ளே தள்ளி வையுங்கள். நிரம்பி வழியும் நீரைக் குழாயிலேயே ஓடைவரை இறக்குங்கள்.

நிலத்துக்குள் நீர் இறக்க ஏற்ற இடமும் மலையில் உண்டு. மேட்டின் தலையில் சாய்வு குறைந்த, கீழே உடனடியாக வீடு இல்லாத புல்வெளியும் தேயிலைத் தோட்டமும் அதற்கு நல்லவை. சம உயரக் கோட்டில் 2 மீட்டர் நீளம், முக்கால் முழ ஆழத்துக்கு இடைவிட்டு வெட்டும் குழிகள் போதும். நீளமாக ஒரே வாய்க்கால் வெட்டினால் ஓரிடத்தில் உடைந்து முழு நீரும் அங்கேயே பாயும். புல்வெளியாகவே இருக்கும் மேட்டைக் குழி வெட்டாமல் விட்டாலே போதும், புல் தன் வேலையைச் செய்யும்.

ஊற்றுக்குத் தொட்டி கட்டுவதில் ஊராட்சிப் பணத்தோடு ஊற்றும் போன இடங்கள் உண்டு. இரண்டு தவறுகள். ஒன்று, அடியில் கான்கிரீட் போட்டு ஊற்றுக்கண்ணை அடைப்பது. இரண்டு, அதிகம் சேமிக்க ஆசைப்பட்டு வெளிக்குழாயை ஊற்றுக்கண்ணுக்கு மேல் வைப்பது. தொட்டிக்குள் மட்டம் ஏறினால் பின்னழுத்தம் நீரைப் பக்கவாட்டில் வேறு வழி தேட வைக்கும், ஒருமுறை விலகினால் திரும்புவது அரிது. வெளிக்குழாயும் வழிகுழாயும் கண்ணுக்கு ஒரு சாண் கீழேதான் இருக்க வேண்டும். சேமிப்புக்குக் கீழே தனித் தொட்டி கட்டிக்கொள்ளலாம். கண் பக்கம் கழுவிய ஜல்லி, மேலே பிசைந்த களி, அதன்மேல் பலகைக் கல். 10 மீட்டர் மேலே, சரிவில் வரும் மழை வெள்ளத்தை ஒதுக்கிவிட ஒரு திருப்பு வாய்க்கால். வேலி அவசியம், மாட்டுக்காக மட்டும் இல்லை. காட்டெருமை ஒன்று மிதித்தால் பிவிசி குழாய் தாங்காது, இரும்புக் குழாயாகப் போட்டு ஓரடி ஆழத்தில் புதைக்க வேண்டும்.

நகரத் திட்டத்துக்கு வருவோம். மலை ஊர்களுக்கு 1993இல் தனிக் கட்டட விதிகள் வந்தன, உயரம் 7 மீட்டருக்குள் என்று. அதிகாரியும் அண்டைவீட்டாரும் சாலையிலிருந்து மேலே பார்த்து அளக்கிறார்கள். நீருக்கு முக்கியம் சாலைக்குக் கீழே எத்தனை மீட்டர் வெட்டினார்கள் என்பது. ஊட்டிக்குப் பார்சன்ஸ் வேலியிலிருந்தும் குன்னூருக்கு ரேலியா அணையிலிருந்தும் குழாய் வந்த பிறகு, வாசலில் இருந்த ஊற்றின் தலைமேட்டை மனையாக்க யாருக்கும் தயக்கம் வரவில்லை. குழாயில் பத்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வரும் கோடையில்தான் அந்த ஊற்று நினைவுக்கு வருகிறது.

வார்டுதோறும் ஊற்றுகளைக் குறித்து, ஒவ்வொன்றின் மேற்சரிவையும் உச்சிவரை கோடிட்டு, சர்வே எண்ணோடு வரைபடத்தில் ஏற்ற வேண்டும். இதற்கு நிபுணர் காத்திருக்க வேண்டாம், புல வரைபட நகலும் இரண்டு நாள் நடையும் போதும். அந்தக் கோட்டுக்குள் புதிய மண் வெட்டு, புதிய உறிஞ்சுகுழி இரண்டும் கூடாது என்று கிராம சபையிலோ வார்டு கூட்டத்திலோ தீர்மானம் எழுதி, கட்டட அனுமதி தருபவருக்கு அனுப்ப வேண்டும். ஊற்று பெரும்பாலும் ஒருவரின் பட்டாவில் இருக்கும், குடிப்பவர்கள் வேறு ஊராக இருப்பார்கள். நிலம் கைமாறும் முன்பே நீர் எடுக்கும் உரிமையையும் குழாய் போகும் பாதையையும் எழுத்தில் வாங்கிப் பதிவு செய்துவிடுங்கள். வாய்வார்த்தைச் சம்மதம் முதல் விற்பனையோடு முடிந்துவிடும். புதிய விடுதிக்குத் தண்ணீர் ஆதாரம் கேட்கும்போது பக்கத்து ஊற்றின் ஏப்ரல் கடைசி வார அளவைக் கேளுங்கள். நவம்பர் அளவை எழுதி வந்தால் திருப்பி அனுப்புங்கள்.